சிவப்பு மையில் ‘வெரி குட்’

தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. ஒட்டுக்கேக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. பக்கத்து சீட்டு, நீங்களும் கொஞ்சம் சத்தமாத்தான் போன்ல பேசுனீங்க. ஃபைனல்ல அந்தக் கம்பெனிக்காரங்களை வின் பண்ணிட்டோம்னு சொன்னீங்க பாருங்க, அது தப்பு. மேட்சை வின் பண்ணலாம். கப்பை வின் பண்ணலாம். ஆளை வின் பண்ண முடியாது. ஆளுக்கு வேற வினைச்சொல் இருக்கு.

இருங்க, ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கிறேன்.

பீட். அவங்களை பீட் பண்ணிட்டோம். அதான் சரி.

அந்த வார்த்தையை நான் வாய்விட்டுச் சொல்லி பதினோரு வருஷமாச்சு தம்பி. சிரிக்காதீங்க. சாமி சத்தியமா. இங்கிலீஷ் வாத்தியார் நான். முப்பத்தி நாலு வருஷ சர்வீஸ். பேரு அருள்மணி. கோவில்பட்டிப் பக்கம் ஒரு எய்டட் ஸ்கூல், பேரு வேண்டாம். கடைசி ஆறு வருஷ சர்வீஸ்லயும் அந்த ஒரு வார்த்தை இல்லாமலே பாடம் நடத்தினேன். டிஃபீட்டுன்னு சொல்லிக்கொடுத்தேன். ‘சார், புஸ்தகத்துல வேற மாதிரி இருக்கே’ன்னு பிள்ளைங்க கேக்கும். ‘ரெண்டும் ஒண்ணுதான், உக்காரு’ம்பேன். இப்ப உங்ககிட்ட என்னையறியாம வந்துருச்சு. இன்னிக்குக் காலையில ஒரு வீட்டுக்குப் போயிட்டு வாறேன். அதனாலதான் போல.

மதுரைக்கு இன்னும் ஒண்ணே முக்கால் மணி நேரம் இருக்கு. நீங்க தூங்கணும்னா தூங்குங்க. இல்லேன்னா சொல்றேன்.

விளையாட்டைப் பத்தி இங்கிலீஷ்ல எழுதச் சொன்னா நம்ம பிள்ளைங்க வழுக்கி விழற இடமே வினைச்சொல்தான். நமக்குப் பாருங்க, எல்லாத்துக்கும் அடிக்கிறதுதான். பந்தை அடிக்கிறோம். கோல் அடிக்கிறோம். நீச்சல் அடிக்கிறோம். ஆளையும் அடிக்கிறோம். இங்கிலீஷ்காரன் அப்படி இல்ல. பந்தோ எதிர் டீமோ இருக்கு, அப்படின்னா ப்ளே. ப்ளே ஹாக்கி, ப்ளே கபடி. ஸ்விம்மிங், ரன்னிங்னு ‘இங்’ல முடிஞ்சா கோ. கோ ஸ்விம்மிங். இது ரெண்டும் இல்லாம யோகா, கராத்தே மாதிரியா, டூ. டூ யோகா. இதை ஒரு சார்ட் பேப்பர்ல கலர் கலரா எழுதி ஒன்பதாம் வகுப்பு சுவத்துல ஒட்டி வச்சிருந்தேன். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த அதிகாரி அதை நின்னு படிச்சுப் பாத்துட்டு, ‘இப்படிச் சொல்லிக்கொடுத்தா எனக்கும் அப்பவே வந்திருக்குமே சார்’னார். என் பேரு அந்த வட்டாரத்துல அதுக்குத்தான். தப்பு எங்க இருந்தாலும் அருள்மணி சார் கண்ணுல பட்டுரும்னு சொல்வாங்க.

பிள்ளைங்க தினமும் அஞ்சு வரி இங்கிலீஷ்ல டைரி எழுதணும். அது என் ஏற்பாடு. பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டதை எழுதினாலும் சரி. ஆனா ஒரு தமிழ்ச் சொல் கலந்தா அன்னிக்கு மார்க் கிடையாது. நாப்பத்தி மூணு நோட்டு. சனிக்கிழமை உக்காந்து எல்லாத்தையும் திருத்துவேன். சிவப்பு மை, நிப்பு பேனா. அந்த நோட்டை வேற யாரும் படிக்கக் கூடாதுங்கிறதும் என் சட்டம்தான். ‘உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும், கூச்சப்படாம எழுது’ன்னு சொல்வேன். அப்பத்தானே எழுதுவாங்க?

அந்த வகுப்புல மாரிக்கனின்னு ஒரு பிள்ளை. பதினாலு வயசு. ஹாக்கி டீம்ல முன்வரிசையில ஆடுவா. எங்க பக்கம் ஹாக்கிதான் தம்பி, கிரிக்கெட் எல்லாம் அதுக்கு அப்புறம். அவ அப்பா சுடலைமுத்து தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சிக்கு மருந்து முக்குற வேலை. புள்ள ஹாக்கி ஆடி ரயில்வேயில வேலைக்குப் போயிருவான்னு அவருக்கு ஒரு கனவு. அந்தப் பிள்ளை வாயே திறக்காது. கடைசி பெஞ்சுக்கு முந்தின பெஞ்சு. ஆனா ஒரு விஷயம், ஒரு தடவை திருத்தின தப்பை மறுபடி பண்ணவே மாட்டா. ‘ஐ ஆம் கோயிங் ஹாக்கி’ன்னு எழுதினா. கோயிங்கை அடிச்சு ப்ளேயிங்னு போட்டேன். அதோட சரி. அந்தத் தப்பு மறுபடி வரல. அப்படிப் பிள்ளைங்க அபூர்வம்.

செப்டம்பர் மாசம்னு நினைக்கிறேன். அவ நோட்டுல ஒரு வரி. ‘டுடே பி.டி. சார் ஹிட் மீ.’

நான் என்ன நினைச்சேன்னா, விளையாட்டைப் பத்தி எழுதியிருக்கா, வினைச்சொல் மாறிப் போச்சு. அவ்வளவுதான் நினைச்சேன். பி.டி. சார் சிதம்பரவேல் பிள்ளைங்களோட சேந்து கிரவுண்டுல ஆடுவார். ஒத்தைக்கு ஒத்தை நிறுத்தி, பந்தை என்கிட்டயிருந்து எடு பாப்போம்பார். அதுல ஜெயிச்சிருப்பார், அதைத்தான் எழுதியிருக்கான்னு எடுத்துக்கிட்டேன். யாரா இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்குவாங்க. நீங்களே சொல்லுங்க.

திங்கக்கிழமை கிளாஸ்ல அதையே பாடமா வச்சேன். நல்ல உதாரணம் கிடைச்சா நான் விடமாட்டேன். பேரைச் சொல்லல. போர்டுல எழுதினேன், ‘பி.டி. சார் ஹிட் மீ.’

“இதுல என்ன தப்பு?”

ஹிட்டுக்குக் கீழ ஒரு கோடு போட்டேன்.

“ஹிட் யாரை? எதை?”

“பந்தை சார்.”

“ஆங். பந்தை ஹிட் பண்ணுவோம். எதிராளியை?”

நானே எழுதினேன். பந்துன்னா ஹிட், ஆளுன்னா பீட். “பி.டி. சார் உன்னை ஹிட் பண்ணார்னா நீ என்ன பந்தா?”ன்னு கேட்டேன். கிளாஸே சிரிச்சுது. நல்லாச் சிரிச்சுது. மாரிக்கனி மட்டும் தலையைக் குனிஞ்சு நோட்டுல எழுதிக்கிட்டிருந்தா. குறிப்பெடுக்கிறான்னு நினைச்சேன்.

அன்னிக்கு இண்டர்வெல்ல டீ குடிக்கிறப்ப சிதம்பரவேல்கிட்டயும் சொன்னேன். சும்மா தமாஷுக்குத்தான். “சார், உங்க டீம் பிள்ளை ஒண்ணு நீங்க அதை ஹிட் பண்ணீங்கன்னு டைரியில எழுதியிருக்கு.” அவரும் சிரிச்சார். “எந்தப் பிள்ளை சார்?”னு கேட்டார். சொன்னேன். நல்ல மனுஷன் தம்பி அவர். கண்டிப்பு உண்டு. கண்டிப்பு இல்லாம மாவட்ட அளவுல ஏழு தடவை கப்பு வருமா? எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு மூணு நாள் இருந்து பந்தி பாத்தவர். ஸ்கூல்ல அவருக்கும் எனக்கும்தான் ஒட்டுதல்.

அடுத்த வாரம் மாரிக்கனி நோட்டைத் திறந்தேன். ஹிட் இல்ல. சொன்னா சொன்னபடி திருத்திக்கிட்டா. ‘பி.டி. சார் பீட் மீ. ஹி பீட் மீ எவ்ரி டே. ஹி பீட் மீ வித் ஸ்டிக்.’

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? நாப்பத்தி மூணு பேர்ல ஒருத்தி சரியாப் புடிச்சுக்கிட்டா. பெரிசா டிக் போட்டேன். ‘வெரி குட்’ போட்டேன். அதுக்குக் கீழ ஒரு வரியும் எழுதினேன், ‘ப்ராக்டிஸ் வெல். ஒன் டே யூ வில் பீட் ஹிம்.’ நல்லாப் பயிற்சி பண்ணு, ஒரு நாள் நீ அவரை ஜெயிப்பேன்னு அர்த்தம். ஊக்கம் கொடுக்கணும்ல?

ஒரு ஆர்ட்டிகிள் மட்டும் விட்டிருந்தா. ஸ்டிக்குக்கு முன்னாடி ‘எ’ வரணும். வித் எ ஸ்டிக். அதையும் சேத்துவிட்டேன்.

என்ன தம்பி பாக்கிறீங்க? ஹாக்கியில ஸ்டிக்காலதானே ஜெயிப்பாங்க? கையாலயா ஜெயிப்பாங்க?

அது மாதிரி வரி அப்புறம் நாலஞ்சு வாரம் வந்துச்சு. ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமா நீண்டுச்சு. ‘பிஃபோர் எவ்ரிபடி.’ ‘ஆன் மை லெக்.’ ‘ஐ நாட் டெல் அப்பா.’ ஐ டிட் நாட் டெல்னு வரணும். திருத்தினேன். அப்பாங்கிறது தமிழ், அதுக்கு அன்னிக்கு மார்க் இல்ல. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே.

நவம்பர்ல மண்டல அளவு ஃபைனல். நம்ம பிள்ளைங்க தோத்துட்டாங்க. கடைசி நேரத்துல கோலுக்கு முன்னாடி பந்து மாரிக்கனி மட்டைக்கு வந்துச்சாம், தவற விட்டுட்டா. மறுநாள் சாயங்காலப் பயிற்சி. நான் நாலரை பஸ்ஸுக்குக் கிளம்பிட்டேன். கிரவுண்டைத் தாண்டித்தான் போனேன். பிள்ளைங்க வரிசையா நின்னாங்க, சிதம்பரவேல் என்னைப் பாத்துக் கையைத் தூக்கினார், நானும் தூக்கினேன். காலையில வந்தா, மாரிக்கனிக்குப் பந்து பட்டுருச்சு, திருநெல்வேலி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்கன்னு சொன்னாங்க. இடது காதுக்குப் பின்னாடி. எலும்புல கீறல். காது ஜவ்வு போயிருச்சு. ஒரு வாரம் கழிச்சு டாக்டர் சொல்லிட்டார், அந்தக் காது இனிமே கேக்காதுன்னு.

பந்து பட்டுதுன்னு டீம் பிள்ளைங்க பதினாறு பேரும் சொன்னாங்க. ஒரே மாதிரி சொன்னாங்க.

பத்து நாள் கழிச்சு சுடலைமுத்து ஸ்கூலுக்கு வந்தார். ஹெச்.எம். ரூம்ல ஹெச்.எம்., சிதம்பரவேல், நான். மேசை மேல ஒரு பேப்பர் டைப் அடிச்சு வச்சிருந்தது. பயிற்சியின்போது தற்செயலாப் பந்து பட்டுது, புகார் ஏதும் இல்லைன்னு. அப்பாவோட கையெழுத்து மட்டும்தான் பாக்கி. மனுஷன் உக்காரச் சொல்லியும் உக்காரல. கையில அந்த டைரி நோட்டு. நேரா என்கிட்ட வந்து நீட்டினார்.

“சார், புள்ள இதை உங்ககிட்டக் குடுக்கச் சொன்னா. என்ன கேட்டாலும் பேச மாட்டேங்கா. அதுல எழுதியிருக்கேன், அருள்மணி சார்கிட்டக் கேளுன்னு மட்டும் சொல்லுதா. எனக்கு இங்கிலீசு தெரியாது. இவங்க எல்லாரும் இருக்கும்போதே படிச்சுச் சொல்லிருங்க சார்.”

வாங்கினேன். பிரிச்சேன். நீலத்துல அவ எழுத்து பொடிசு பொடிசா. என் சிவப்புதான் பெரிசா இருந்துச்சு. வெரி குட், வெரி குட்னு வாரா வாரம். சிதம்பரவேல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டார். ஹெச்.எம். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். ஃபேன் காத்துல தாள் படபடன்னு அடிச்சுது, விரலை வச்சு அமுத்திக்கிட்டேன்.

“பி.டி. சார் ஆட்டத்துல என்னை ஜெயிச்சுட்டார்னு எழுதியிருக்கா”ன்னேன்.

“ஜெயிச்சாரா?”

“ஆமா. தினமும் ஜெயிக்கிறார்னு.”

“வேற ஒண்ணும் இல்லையா சார்?”

“இல்ல.”

“நல்லாப் பாத்துச் சொல்லுங்க சார். இந்தா, இந்த எடத்துல செவப்புல என்னமோ இருக்கே?”

“அது நான் எழுதினது. நல்லா எழுதியிருக்கே, ஒரு நாள் நீயும் அவரை ஜெயிப்பேன்னு போட்டிருக்கேன்.”

அவர் என் முகத்தையே பாத்துக்கிட்டு நின்னார். புரியறதுக்கு நேரமாகுது போலன்னு நினைச்சேன். அப்புறம் நோட்டை என் கையிலிருந்து மெதுவா உருவிக்கிட்டு, மேசைக்கிட்ட போய்ப் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். விரலெல்லாம் மருந்துக் கறை. பேப்பர்லயும் கொஞ்சம் ஒட்டிக்கிச்சு. சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டார்.

பொய் சொல்லல தம்பி நான். பீட்டுன்னா ஜெயிக்கிறதுதான். எந்த டிக்‌ஷனரியை வேணாலும் எடுத்துப் பாருங்க. மூணாவதோ நாலாவதோ அர்த்தமா இருக்கும். இருக்கும்ல?

ஜனவரியில மாரிக்கனி ஸ்கூலுக்கு வந்தா. ஒரு காதுதான் கேக்குதுன்னு முன் பெஞ்சுல உக்கார வச்சாங்க. நான் பேசும்போது கேக்கிற காதை என் பக்கம் திருப்பிக்குவா. அதனால அவ முகம் நேரா எனக்குத் தெரியவே தெரியாது, வலது கன்னம்தான் தெரியும். நாப்பத்தஞ்சு நிமிஷமும் அந்த ஒரு கன்னம். டைரி எழுதறதை நிறுத்திருவான்னு நினைச்சேன். நிறுத்தல. தினமும் அஞ்சு வரி. ‘ஐ கோ டு ஸ்கூல். ஐ டூ மை ஹோம்வொர்க். ஐ டூ நாட் ப்ளே ஹாக்கி. மை மதர் குக்ஸ் ரைஸ். ஐ கோ டு பெட்.’ தினமும் இதே அஞ்சு வரி. ஒரு எழுத்து மாறாது. தேதி மட்டும் மாறும். வினைச்சொல் அத்தனையும் சரி. ஆர்ட்டிகிள் சரி. முற்றுப்புள்ளி சரி. பேனாவைத் திறந்து வச்சுக்கிட்டு அந்தப் பக்கத்தையே பாத்துக்கிட்டிருப்பேன் தம்பி, எங்கயாவது ஒரு தப்பு இருக்காதான்னு. சிவப்பு மை வைக்க ஒரு இடம் கொடுக்கல அவ. பத்தாவது முடிச்சு டி.சி. வாங்கிட்டுப் போற வரைக்கும் கொடுக்கல.

அதுக்கப்புறம்தான் அந்த வார்த்தை என்கூட வர ஆரம்பிச்சுது. பேப்பரைப் பிரிச்சா விளையாட்டுப் பக்கம் முழுக்க அதுதான். இந்த ஊரு அந்த ஊரை பீட்ஸ், இந்த நாடு அந்த நாட்டை பீட்ஸ். எட்டுப் பத்தி அகலத்துக்குக் கொட்டை எழுத்துல போடுறான். எனக்கு ஜெயிச்ச ஆளு தெரிய மாட்டான். ஒரு வலது கன்னம்தான் தெரியும். வாசல்ல பேப்பர் விழுந்ததும் நானே போய் அந்தப் பக்கத்தை மட்டும் உருவி எடுத்திருவேன். பக்கத்துல இஸ்திரி போடுறவர்கிட்டக் கொடுத்துருவேன், துணி மடிக்க. பையன் கேட்டான், “ஏம்ப்பா, ஸ்கோர் பாக்க விடமாட்டேங்கிறீங்க?” “கண்ணுக்குக் கெடுதி”ன்னேன். என்னத்தையோ சொன்னேன். என் வீட்டுக்காரம்மா ஒண்ணும் கேக்கல. கேக்காம இருக்கிறதுதான் எனக்குப் பயமா இருக்கு.

போன மாசம் சிதம்பரவேல் ரிட்டையர் ஆனார். பாராட்டு விழா. என்னையும் கூப்பிட்டாங்க, பழைய ஆள்னு. மேடையில மாலை, பொன்னாடை எல்லாம். நாலு வார்த்தை இங்கிலீஷ்ல பேசச் சொன்னாங்க, எழுதிக்கிட்டுப் போயிருந்தேன். ஒரு சின்னப் பிள்ளை, ஆறாவதோ ஏழாவதோ, ஹாக்கி ஜெர்சி போட்டுக்கிட்டு மாலைத் தட்டை ஏந்தி அவர் பக்கத்துல நின்னுச்சு. பொன்னாடை தோள்ல இருந்து சரிஞ்சுதுன்னு சிதம்பரவேல் கையைத் தூக்கினார், சரி பண்ணத்தான் தூக்கினார். அந்தப் பிள்ளை தட்டோட அப்படியே குனிஞ்சிருச்சு. தலையைத் தோளுக்குள்ள இழுத்துக்கிட்டு, கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு. தட்டுல இருந்த பூ எல்லாம் கீழ கொட்டிருச்சு. கீழ இருந்தவங்க சிரிச்சாங்க. சிதம்பரவேலும் சிரிச்சார். என்னைப் பாத்துச் சிரிச்சார் தம்பி. மைக்கில என் பேரைக் கூப்பிட்டாங்க. நான் மேடையை விட்டு இறங்கி நேரா பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டேன். எழுதின பேப்பர் சட்டைப் பையிலேயே இருந்துச்சு.

ஒரு மாசம் யோசிச்சேன். இன்னிக்குக் காலையில சுடலைமுத்து வீட்டைத் தேடிப் போனேன். கழுகுமலை போற வழியில ஒரு கிராமம். அவர் ரேஷன் கடையிலிருந்து அரிசிப் பையோட வந்துக்கிட்டிருந்தார். தலையெல்லாம் நரைச்சுப் போச்சு. என்னைப் பாத்ததும் அடையாளம் தெரிஞ்சுக்கிட்டார். “வாங்க சார்”னு உள்ள கூட்டிட்டுப் போய் சேர் எடுத்துப் போட்டார். டீ போடச் சொன்னார். என்ன ஏதுன்னு கேக்கல. நான்தான் ஆரம்பிச்சேன்.

“அன்னிக்கு உங்க பொண்ணு நோட்டுல இருந்ததை நான் சரியாப் படிச்சுச் சொல்லல.”

“தெரியும் சார்.”

டம்ளரைக் கீழ வச்சேன். “எப்பத் தெரியும்?”

“அன்னிக்கே தெரியும். நான் ஸ்கூலுக்கு வாரதுக்கு முன்னாடியே தெரியும். ஆஸ்பத்திரியில வச்சே புள்ள எல்லாத்தையும் சொல்லிட்டா. அந்த ஆளு மட்டையாலதான் அடிச்சாருன்னு. பேச மாட்டேங்கான்னு நான்தான் சும்மா சொன்னேன்.”

“அப்ப ஏன் நோட்டைக் கொண்டு வந்து என்கிட்ட...”

“நான் சொன்னா தீப்பெட்டி ஆபீஸ்காரன் எதையோ எதிர்பாத்து வாரான்பாங்க. புள்ள சொன்னா தோத்த ஆத்திரத்துல சொல்லுதாம்பாங்க. நீங்க படிச்சுச் சொன்னா ஒரு வாத்தியார் வாயால வரும்லா சார்? ஹெச்.எம். முன்னாடி, அந்த ஆளு முன்னாடி. அதுக்குத்தான் வந்தேன். புள்ளதான் சொல்லி அனுப்புனா. அருள்மணி சார் தப்பு எங்க இருந்தாலும் விடமாட்டாருப்பான்னா. நானும் மூணு தடவ கேட்டுப் பாத்தேன்.”

கோவமாச் சொல்லல தம்பி. ஊர் நிலவரம் சொல்ற மாதிரிச் சொன்னார். கோவப்பட்டிருந்தா நான் காலுல விழுந்திருப்பேன். அதுக்கும் வழி விடல.

“இப்ப வேணா நான் எழுதிக் கொடுக்கிறேன். மேல அனுப்புவோம். அந்தாளு ரிட்டையர் ஆனா என்ன, நடந்தது நடந்ததுதானே”ன்னேன்.

“என்கிட்ட எதுக்கு சார் கேக்கீங்க? அடிபட்டவ அவல்லா? ஓசூர்ல கம்பெனியில இருக்கா. அவகிட்டக் கேளுங்க.”

“நம்பர் கொடுங்க.”

“வேண்டாம் சார். உங்க நம்பரைக் குடுத்துட்டுப் போங்க. பேசணும்னு அவளுக்குத் தோணிச்சுன்னா அவளே பேசட்டும்.”

காலண்டர்ல பென்சிலால எழுதிக்கிட்டார். எழுதினதை ஒரு தடவை திருப்பி வாசிச்சுக் காட்டினார், நம்பர் சரியான்னு. பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்து ஏத்திவிட்டார். அவ்வளவுதான். அங்கயிருந்து கோவில்பட்டி வந்து இந்த பஸ்ல ஏறினேன். நீங்க போன்ல பேசிக்கிட்டிருந்தீங்க.

பாருங்க தம்பி, நான் சொல்றது என்னன்னா, அந்த மனுஷன் என்கிட்ட எதிர்பாத்தது வேற. நான் செஞ்சது அன்னிக்குப் பயத்துல செஞ்சது. நோட்டு முழுக்க என் சிவப்புக் கையெழுத்து இருந்துச்சு, அந்தப் பயம். ஆனா அதுக்கு முன்னாடி, அந்த டைரியைத் திருத்தும்போது எனக்கு ஒண்ணுமே தெரியாது. அதை நீங்க ஞாபகம் வச்சுக்கணும். வினைச்சொல் மாறிப் போச்சுன்னுதான் நினைச்சேன். சத்தியமா...

இது யாரு? பேரு இல்ல, நம்பர்தான் வருது. உங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியும், பாருங்க, எந்த ஊர் நம்பர்னு தெரியுமா? தெரியாதா. நீங்க எடுத்து, அவர் தூங்குறார்னு சொல்றீங்களா? வேண்டாம். வேண்டாம் தம்பி, கொடுங்க.

ஹலோ.

ஆமா, அருள்மணிதான்.

யாரு? மாரிக்கனியா?

நல்லா இருக்கேம்மா. நீ எப்படி... ஆமாம்மா, காலையில அப்பாவைப் பாக்க வந்தேன். சொன்னாரா?

இல்லம்மா. அப்பாவுக்குப் படிச்சுச் சொன்னேனே, அது மட்டும் இல்ல. அதுக்கு முன்னாடி ஒண்ணு இருக்கு. முதமுதல்ல நீ எழுதினே பாரு, போர்டுல கூட எழுதிப் போட்டேனே... அதை நான்...

கேக்கலையா? பஸ்ல இருக்கேன், இரைச்சலா இருக்கு. கேக்கிற காதுல நல்லா ஒட்டி வச்சுக்கோம்மா. வச்சுட்டியா?

முதல் நாளே எனக்குப் புரிஞ்சுதும்மா.

புரிஞ்சுதுன்னு சொல்றேன். ஹலோ? இப்பக் கேக்குதா?

அடிச்சார்னுதான் நீ எழுதியிருக்கேன்னு எனக்குப் புரிஞ்சுது!

ஆமா. முதல் நாளே.